விக்டோரியா அரங்கின் சாவி யாரிடம்?

சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகே, ரிப்பன் மாளிகையை ஒட்டி நிற்கும் விக்டோரியா பொது அரங்கம் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்தது. சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின்கீழ் சுமார் 32 கோடி ரூபாய் செலவில் அதை மீட்டெடுக்கும் பணி 2023இல் தொடங்கியது. நாடகம், திரைப்படம், அரசியல் கூட்டம், வழக்கு, பாழ், பாரம்பரியச் சின்னம் என ஒரே கட்டடம் பல வாழ்க்கைகளைக் கடந்துவந்திருக்கிறது. அதன் வளைவுகளையும் கோபுரத்தையும் புகழ்ந்து ஏராளமாக எழுதிவிட்டார்கள். அந்த அரங்கில் யார் பேசினார்கள், யார் பேசவிடாமல் தடுக்கப்பட்டார்கள், இனி யார் பேசப்போகிறார்கள் என்ற கேள்விகளே அதிகம் எழுப்பப்படவில்லை.

இதைப் பற்றி மசினகுடியிலிருந்து எழுத என்ன தேவை என்று வாசகர் கேட்கலாம். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, முதுமலைக் காட்டின் விளிம்பில் இருக்கும் இந்த ஊரில் இருளர்களும் குறும்பர்களும் வாழ்கிறார்கள். பைக்காரா, மோயாறு மின் திட்டங்களின் வேலைக்காக வந்து தங்கிவிட்ட உழைக்கும் மக்களும் வாழ்கிறார்கள். இவர்களில் பலர் விக்டோரியா அரங்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். எனினும் அந்த அரங்கத்தின் வரலாற்றில் ஒடுக்கப்பட்டோருக்கு மிக முக்கியமான நாள் ஒன்று உண்டு. அன்று அங்கே எழுந்து பேசியவர் நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்றவர். அவர் கேட்ட இரண்டு பொருள்களுக்காக இந்த மலை மாவட்டத்து மக்கள் இன்றும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டடமும் அதன் கனவான்களும்

1882இல் பச்சையப்பன் மண்டபத்தில் கூடிய நகரப் பிரமுகர்கள், சென்னைக்கு ஒரு டவுன் ஹால் வேண்டும் என முடிவெடுத்தார்கள். 1883 டிசம்பரில் விஜயநகரம் மன்னர் ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். இராபர்ட் சிசம் வரைந்த இந்தோ-சாரசனிக் வடிவத்தில் நம்பெருமாள் செட்டியார் கட்டி எழுப்பினார். விக்டோரியா மகாராணியின் பொன்விழாவை ஒட்டி அவர் பெயரே கட்டடத்துக்குச் சூட்டப்பட்டது. தரைத்தளத்திலும் மேல்தளத்திலும் ஏறத்தாழ 600 பேர் வீதம் அமரக்கூடிய இரண்டு கூடங்கள் அமைந்தன. நிலம் பொது நிலம். மன்னர்களும் வணிகர்களும் நன்கொடை தந்தார்கள். ஓர் அறக்கட்டளைக் குழு நிலத்தை 1886இல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது.

இந்த ஏற்பாட்டைச் சட்டத்தின் கண்ணால் பார்க்க வேண்டும். நிலம் மக்களுடையது, நிர்வாகம் கனவான்களுடையது. ‘பொது அரங்கம்’ என்ற பெயரில் உள்ள ‘பொது’ என்ற சொல்லுக்கு அன்று இருந்த பொருள், கல்வியும் செல்வமும் சாதிப் பெருமையும் உடைய சிலர் என்பதுதான். நிலத்தைத் தோண்டியவர்களும் செங்கல் சுமந்தவர்களும் அந்தச் சொல்லுக்குள் எண்ணப்படவில்லை.

அரங்கின் முதல் பெரும் பயன் நாடகம். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் இங்கே மேடையேறின. தமிழ் நாடகத்துக்கு உரைநடையையும் ஒழுங்கான ஒத்திகையையும் நேரக் கட்டுப்பாட்டையும் கொண்டுவந்ததில் அச்சபைக்குப் பெரும் பங்கு உண்டு. அதன் உறுப்பினர்கள் வழக்கறிஞர்கள், அதிகாரிகள், படித்த மேட்டுக்குடியினர். நாடகத்தைப் பிழைப்பாகக் கொண்டவர்களை ‘கூத்தாடி’ என்று இகழ்ந்த சமூகத்தில், பிழைப்புக்காக நடிக்காதவர்கள் நடித்தால் அது கலை என்ற ஏற்பாடு இங்கே வேரூன்றியது. இரவெல்லாம் ஊர்த்திடலில் ஆடப்பட்ட தெருக்கூத்துக்கும், சாவுக்கும் திருவிழாவுக்கும் அடிக்கப்பட்ட பறைக்கும் இந்தக் கூரையின்கீழ் இடம் இருக்கவில்லை. பறை ஓர் இசைக்கருவி என்பதற்கு முன்பே ஒரு சாதியின் அடையாளமாக முத்திரை குத்தப்பட்டிருந்தது. நாடகக்கலை தெருவிலிருந்து கூடத்துக்குள் நுழைந்தபோது, தெருவில் அதை வளர்த்தவர்கள் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

1890களின் பிற்பகுதியில் சென்னை நகரம் முதன்முதலில் அசையும் படங்களைப் பார்த்த இடங்களுள் இதுவும் ஒன்று. 1897இல் மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் இங்கே உரையாற்றினார். 1916இல் உருவான நீதிக்கட்சியின் தொடக்கத்தோடும் இதன் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. இவை அனைத்தும் கையேடுகளில் இடம்பெறுகின்றன. அடிக்கடி விடுபட்டுப்போவது 1892.

உதகையிலிருந்து டவுன் ஹாலுக்கு

பண்டிதர் அயோத்திதாசர் பிறந்தது சென்னையில் என்றாலும் அவருடைய பொதுவாழ்வு உருப்பெற்றது நீலகிரியில். சித்த மருத்துவராகவும் தமிழறிஞராகவும் இந்த மலையில் வாழ்ந்த அவர், 1891 டிசம்பர் 1 அன்று உதகையில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். அங்கே பத்துத் தீர்மானங்கள் நிறைவேறின. பறையர் என்று இழிவுபடுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். கல்விக்கு உதவி வேண்டும். பொதுக் கிணறுகளிலும் குளங்களிலும் தடையின்றி நீர் எடுக்க வேண்டும். மற்றவர் உட்காரும் அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் நாமும் நுழைந்து உட்கார வேண்டும். சிறைகளில் நம் மக்களுக்கு மட்டும் இழிவான வேலை கொடுக்கும் விதி நீங்க வேண்டும் என்பன அவற்றுள் சில.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். சாதி அடிப்படையில் சிறைவாசிகளுக்கு வேலை பகிரும் சிறைக் கையேட்டு விதிகளை உச்ச நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானவை என்று நீக்கியது 2024 அக்டோபரில், சுகன்யா சாந்தா வழக்கில். உதகைத் தீர்மானத்துக்கும் அத்தீர்ப்புக்கும் இடையே ஏறத்தாழ 133 ஆண்டுகள். இந்தியச் சட்டத்தின் வரலாற்றைப் பாடநூல்கள் லண்டனிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் தொடங்குகின்றன. உதகையிலிருந்தும் தொடங்கலாம் என்பதற்கு இந்த ஒரு சான்று போதும்.

மாநாடு முடிந்த சில மாதங்களில், 1892 ஏப்ரலில், சென்னை மகாஜன சபையின் கூட்டம் விக்டோரியா டவுன் ஹாலில் நடைபெற்றது. 1884இல் தோன்றிய அச்சபை மாகாணத்தின் ‘மகாஜனங்கள்’ அனைவருக்கும் தானே குரல் என்று சொல்லிக்கொண்டது. நீலகிரியின் பிரதிநிதியாகச் சென்ற அயோத்திதாசர், ஒடுக்கப்பட்ட மக்களை விஷ்ணு, சிவன் கோயில்களுக்குள் ஏன் அனுமதிப்பதில்லை என்று அவையில் கேட்டார். எதிர்ப்புக் கூச்சல் எழுந்தது. சிவனும் விஷ்ணுவும் உங்கள் குலத்துக்கு உரிய தெய்வங்கள் அல்லர்; உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் கறுப்பண்ணனும் இருக்கிறார்களே என்ற பொருள்பட சிவநாம சாஸ்திரி என்பவர் பதிலளித்தார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம் என்று கூறிய அயோத்திதாசர், உடனே வேறு இரண்டைக் கேட்டார். எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரை இலவசக் கல்வி வேண்டும். ஊர்களில் தரிசாகக் கிடக்கும் நிலங்களை எங்கள் மக்களுக்குக் கொடுக்க வேண்டும். இவ்விரண்டையும் அவை ஏற்றுக்கொண்டது.

இந்த நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் அயோத்திதாசரே தம் எழுத்தில் பதிவுசெய்தார். கடவுள் கிடைக்காததால் கோபித்துக்கொண்ட ஒருவரின் கதையாக இதைச் சுருக்கிவிடக் கூடாது. அவர் செய்தது ஓர் அரங்கின் பயனையே மாற்றியது. மேட்டுக்குடியினர் தங்களுக்குள் தீர்மானம் போட்டுக்கொள்ளக் கட்டிய கூடத்தை, அவர்களைக் கேள்வி கேட்கும் இடமாக அவர் ஆக்கினார். ஆலயத்தை மறுத்தவர்களால் பள்ளியையும் நிலத்தையும் அந்த அவையில் மறுக்க முடியவில்லை.

அதே 1892 செப்டம்பர் 30 அன்று, செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வெளிவந்தது. இன்று நாம் பஞ்சமி நிலம் என்று அழைப்பது அதைத்தான். பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதன்பின்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனை அதில் இருந்தது. நிபந்தனை ஏட்டில் நின்றது, நிலம் கைமாறியது. 1994 அக்டோபரில் செங்கல்பட்டு வட்டாரத்துக் காரணையில் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள். 1892இல் ஒரு கூடத்தில் ஏற்கப்பட்ட கோரிக்கைக்கு நூற்றிரண்டு ஆண்டுகள் கழித்துக் கொடுத்த விலை அது.

கூடத்திலிருந்து சட்டத்துக்கு

1895இல் இரட்டைமலை சீனிவாசன் முன்னின்று நடத்திய பறையர் மகாஜன சபையின் கூட்டம் இதே டவுன் ஹாலில் நடைபெற்றது. மூன்றாண்டுகளுக்கு முன் பிறர் கூட்டிய அவையில் கேள்வி கேட்டவர்கள், இப்போது தாமே அவையைக் கூட்டினார்கள். சீனிவாசனும் இளமையில் நீலகிரியில் கணக்கராக வேலை பார்த்தவர்; அயோத்திதாசரின் உறவினர். இந்த மலைக்கும் அந்த அரங்குக்கும் இடையிலான பாதையில் நடந்தவர் ஒருவர் மட்டுமல்லர்.

அவரே 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்ட மேலவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம், பொது அலுவல் நடைபெறும் இடங்கள், கட்டடங்கள் ஆகியவற்றில் ஒடுக்கப்பட்ட வகுப்பார் செல்வதற்குத் தடை இல்லை என்பது அதன் சாரம். செப்டம்பரில் அது அரசாணையானது. 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாணக் குடிமை இயலாமை நீக்கச் சட்டம் வந்தது. டவுன் ஹாலில் இடம் கேட்ட தலைமுறை, எல்லாப் பொது இடங்களுக்கும் பொருந்தும் சட்டத்தை எழுதிவிட்டுச் சென்றது.

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) உறுப்பு இந்த மரபின் தொடர்ச்சியே. கடைகள், பொது உணவகங்கள், விடுதிகள் ஆகியவற்றோடு ‘பொதுக் கேளிக்கை இடங்கள்’ என்பதையும் அவ்வுறுப்பு பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சாதி, மதம், பால், இனம், பிறப்பிடம் காரணமாக எந்தக் குடிமகனுக்கும் அங்கே தடை விதிக்கக் கூடாது. இந்த உறுப்பு அரசை மட்டுமின்றித் தனியாரையும் கட்டுப்படுத்துவது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இது விவாதத்துக்கு வந்தபோது, ‘கடை’ என்ற சொல் எதையெல்லாம் அடக்கும் என்ற வினா எழுந்தது. பணம் பெற்றுக்கொண்டு சேவை வழங்க முன்வரும் எவரையும் அது குறிக்கும் என்ற விரிந்த பொருளை அண்ணல் அம்பேத்கர் அளித்தார். 2011இல் இந்திய மருத்துவச் சங்கம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விளக்கத்தை எடுத்தாண்டு, தனியார் கல்வி நிறுவனங்கள் வரை அதை நீட்டித்தது.

குடியியல் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955, பொதுக் கேளிக்கை இடத்தில் தீண்டாமை காரணமாக நுழைவை மறுப்பதைக் குற்றமாக்கியது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினராக இருந்தால், மறுப்புக்குக் காரணம் தீண்டாமைதான் என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு. ஆனால் அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு விதிக்கும் அபராதத்தின் உச்சவரம்பு 500 ரூபாய். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக இதே செயல் இன்னும் கடுமையான குற்றமாகச் சேர்க்கப்பட்டது. பட்டியல் சாதி, பழங்குடி மக்களைக் கேளிக்கை இடத்திலோ வேறெந்தப் பொது இடத்திலோ நுழையவிடாமல் தடுத்தால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை.

இத்தனை சட்டங்களும் இருக்கும்போதுதான் 2023 மார்ச் 30 அன்று சென்னை கோயம்பேடு ரோகிணி திரையரங்கின் வாசலில் நரிக்குறவர் குடும்பத்தினர் நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் கையில் நுழைவுச்சீட்டு இருந்தது. அந்தக் காட்சி காணொளியாகப் பரவியது. படத்துக்கு யு/ஏ சான்றிதழ் வழங்கப்பட்டிருப்பதால் சிறுவர்களை அனுமதிக்கவில்லை என்று நிர்வாகம் விளக்கம் சொன்னது. எதிர்ப்பு எழுந்த பின்னர் உள்ளே விட்டது. நரிக்குறவர் சமூகம் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டு அப்போது மூன்று மாதங்கள்கூட முழுமையாக ஆகியிருக்கவில்லை. அன்று அவர்களை நிறுத்தியது விலை அல்ல. விலையை அவர்கள் கொடுத்துவிட்டார்கள். உடையையும் தோற்றத்தையும் பார்த்து இவர் இங்கே வரத்தக்கவரா என்று வாசலில் அளக்கும் பழைய கண்தான் நிறுத்தியது.

உலகெங்கும் இக்கண் ஒன்றுதான். 1939இல் வாஷிங்டனில் கருப்பினப் பாடகி மரியன் ஆண்டர்சனுக்கு ‘கான்ஸ்டிடியூஷன் ஹால்’ மறுக்கப்பட்டது. அவர் லிங்கன் நினைவகத்தின் படிகளில் நின்று திறந்தவெளியில் பாடினார். சுமார் 75,000 பேர் கேட்டார்கள். திரையரங்குகளையும் இசையரங்குகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டுப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடியுரிமைச் சட்டம் அமெரிக்காவில் வந்தது 1964இல்தான். திறந்தவெளியில் கூடிய கூட்டம் அந்த அரங்கின் கதவை வெட்கப்படச் செய்தது உண்மை. ஆயினும் மறுக்கப்பட்டவர் திறந்தவெளியில் பாடிக்கொள்ளட்டும் என்பது நீதி ஆகாது. கதவும் திறக்க வேண்டும்.

குத்தகை முடிந்தபின்

விக்டோரியா அரங்கின் 99 ஆண்டுக் குத்தகை 1985இல் முடிந்தது. அதற்கு முன்பே நாடகம் அங்கிருந்து விலகி, திரைப்படம் தனக்கெனக் கொட்டகைகளைக் கட்டிக்கொண்டு, கட்டடம் தன் கூட்டத்தை இழந்திருந்தது. வளாகத்தில் வேறு பயன்பாடுகள் முளைத்தன. நீண்ட வழக்குகளுக்குப் பின்னரே சொத்து மாநகராட்சியின் கைக்கு முழுமையாக வந்தது. பொது நிலத்தில் எழுந்த பொது அரங்கத்தைப் பொது அமைப்பு மீட்கவே கால் நூற்றாண்டு வழக்காட வேண்டியிருந்தது.

இதே கேள்வி இப்போது உதகையிலும் எழுந்துள்ளது. ஐரோப்பியரின் நடனங்களுக்கும் நாடகங்களுக்கும் எழுந்த அசெம்பிளி ரூம்ஸ் பின்னாளில் திரையரங்காயிற்று. மலைவாழ் உழைப்பாளிகளும் கட்டணம் கொடுத்து உள்ளே உட்கார்ந்தார்கள். நகரின் நடுவே சுமார் 52 ஏக்கரில் கிடந்த குதிரைப் பந்தயத் திடலை, 822 கோடி ரூபாய் குத்தகை பாக்கி என்று கூறி 2024 ஜூலையில் மாவட்ட நிர்வாகம் கையகப்படுத்தியது. அங்கே சூழல் பூங்கா அமைக்கத் தோட்டக்கலைத் துறையிடம் நிலம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சென்னை கிண்டியின் 160 ஏக்கர் பந்தயத் திடலும் குத்தகை ரத்தாகி அரசின் வசம் வந்தது. காலனியக் காலத்தின் கேளிக்கை நிலங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. இது வரவேற்கத்தக்கது. ஆனால் திரும்பி வரும் நிலத்தின் அடுத்த பயனை யார் முடிவுசெய்கிறார்கள்? ஒவ்வொரு முறையும் விடை பூங்கா, அருங்காட்சியகம், சுற்றுலா என்றே வருகிறது. வீட்டுமனைப் பட்டா கேட்டுக் காத்திருப்பவர்களின் பெயர் அந்த ஆலோசனைக் கூட்டங்களின் குறிப்பேட்டில் ஏறுவதில்லை.

மசினகுடியில் கேளிக்கை என்ற சொல் விடுதிகளைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. யானை வழித்தட வழக்கில் 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற ஆணைப்படி இப்பகுதி விடுதிகள் பல மூடி முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபரில் வழித்தடத்தை உறுதிசெய்யும் தீர்ப்பு வந்தது. யானையின் வழியைக் காப்பது தேவை. அதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் விடுதி திறந்திருந்தபோது அங்கே பாத்திரம் கழுவியவர்களும் தோட்டம் பார்த்தவர்களும் விறகு சுமந்தவர்களும், அது மூடப்பட்டபோது எந்த மனுவிலும் தரப்பினராக இல்லை. ஒரு கேளிக்கை இடத்தின் பயன் மாறும்போது, அதில் உழைத்தவரைக் கேட்காமலே மாற்றுவது என்ற வழக்கம் மன்னர் காலத்திலிருந்து நீதிமன்றக் காலம் வரை தொடர்கிறது.

இரண்டு கூடங்கள் உள்ள ஊர்

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் இரண்டு கூடங்கள் இருக்கின்றன. ஊரில் ஒன்று, சேரியில் ஆதிதிராவிடர் நலத்துறை கட்டிய சமுதாயக் கூடம் ஒன்று. இரண்டாவது கூடம் தேவையிலிருந்து பிறந்தது, அதைக் குறைசொல்ல முடியாது. திருமணத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கூட்டத்துக்கும் இடம் கிடைக்காத மக்களுக்கு அது ஒரு நிழல். ஆனால் அது நடைமுறையில் செய்யும் இன்னொரு வேலை, ஊர்க் கூடத்தின் கதவை மூடிவைப்பதற்கு ஒரு சாக்கை வழங்குவது. உங்களுக்குத்தான் தனிக் கூடம் இருக்கிறதே என்ற பதில், 1892இல் உங்களுக்குத்தான் மதுரைவீரன் இருக்கிறாரே என்று சொன்ன பதிலின் மறு அச்சு. தெய்வத்தைப் பிரித்துக் கொடுத்த அதே கை இப்போது கட்டடத்தைப் பிரித்துக் கொடுக்கிறது.

திருமண மண்டப உரிமையாளர்கள் தேதி இல்லை என்பார்கள். முன்பதிவு ஆகிவிட்டது என்பார்கள். பெயரையும் ஊரையும் தெருவையும் கேட்டுவிட்டு வாடகையை உயர்த்துவார்கள். இவற்றை நிரூபிப்பது கடினம். எழுத்தில் எதுவும் இருக்காது. அதனால்தான் அரசுக்குச் சொந்தமான ஒவ்வோர் அரங்கிலும் முன்பதிவுப் பதிவேடு பொதுவெளியில் இருக்க வேண்டும் என்கிறோம். எந்த நாள் யாருக்கு என்ன வாடகைக்குக் கொடுக்கப்பட்டது, எந்த விண்ணப்பம் என்ன காரணத்தால் மறுக்கப்பட்டது என்பது இணையத்தில் தெரிந்தால், தீண்டாமை ஒளிந்துகொள்ளும் இடம் ஒன்று குறையும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு பொது அதிகார அமைப்புகள் தாமாகவே தகவல் வெளியிட வேண்டும் என்று கட்டளையிடுகிறது. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

கலையின் பக்கமும் மாறிவருகிறது. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் நடத்திவரும் ‘மார்கழியில் மக்களிசை’ கானாவையும் பறையையும் ஒப்பாரியையும் மார்கழி மாதத்துச் சென்னையின் மேடைகளுக்குக் கொண்டுவந்தது. மார்கழி என்றால் ஒரு சிலரின் இசை என்றிருந்த நகரத்தில் இது சிறிய மாற்றம் அன்று. அன்று வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறை இன்று அரங்குக்குள் ஒலிக்கிறது. அது விருந்தாளியாக ஒருநாள் வந்துபோகக் கூடாது; உரிமையோடு வர வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவதாக, விக்டோரியா அரங்கத்தில் எந்த வரலாறு காட்சிக்கு வைக்கப்பட்டாலும் 1892 ஏப்ரலும் 1895உம் அதில் முதன்மையான இடம் பெற வேண்டும். மன்னரும் கட்டடக்கலைஞரும் ஒப்பந்ததாரரும் நினைவுகூரப்படும் சுவரில், அந்த அவையில் பள்ளியும் நிலமும் கேட்டவரின் பெயரும் கோரிக்கையும் எழுதப்பட வேண்டும். உதகை மாநாட்டின் பத்துத் தீர்மானங்களையும் அங்கே வைக்கலாம். அதே தீர்மானங்கள் உதகை நகரிலும் பொது இடமொன்றில் கல்வெட்டாக நிற்க வேண்டும்.

இரண்டாவதாக, வாடகை. பெருநிறுவன விழாவுக்கும் தொழிலாளர் சங்கக் கூட்டத்துக்கும் ஒரே கட்டணம் விதிப்பது பார்வைக்குச் சமத்துவம் போலத் தோன்றும். நடைமுறையில் அது சாதிப் பூட்டைக் கழற்றிவிட்டுப் பணப்பூட்டைப் போடுவது. பட்டியல் சாதி, பழங்குடி அமைப்புகள், நாட்டார் கலைக்குழுக்கள், தூய்மைப் பணியாளர் சங்கங்கள், மாணவர் அமைப்புகள் ஆகியோருக்குப் பெயரளவுக் கட்டணத்தில் ஆண்டுக்குக் குறிப்பிட்ட நாள்களை விதியாகவே ஒதுக்க வேண்டும். அதிகாரியின் கருணையில் அதை விட்டுவிடக் கூடாது.

மூன்றாவதாக, நிர்வாகக் குழு. 1886இல் குத்தகை பெற்ற குழுவில் ஒடுக்கப்பட்டோர் இல்லாததற்குக் காலத்தைக் காரணம் காட்டலாம். இன்று அமையும் எந்தக் குழுவிலும் அப்படி ஒரு காரணம் செல்லாது. உதகைப் பந்தயத் திடல் போன்ற மீட்கப்பட்ட நிலங்களின் பயனை முடிவுசெய்யும் குழுக்களிலும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களின் பிரதிநிதிகள் வாக்குரிமையோடு அமர வேண்டும்.

நான்காவதாக, ஊர்க் கூடங்களும் பொதுச் செலவில் கட்டிய திருமண மண்டபங்களும் அனைவருக்கும் உரியவை என்பதை மாவட்ட ஆட்சியர்கள் எழுத்து ஆணையாக வெளியிட்டு, வாசலிலேயே பலகையாக வைக்க வேண்டும். மறுப்பு நேர்ந்தால் எந்தச் சட்டப் பிரிவின்கீழ் புகார் அளிக்கலாம் என்பதும் அப்பலகையில் இருக்க வேண்டும். சட்டம் தெரிந்த வாசல் எளிதில் மூடாது.

இவை அனைத்தும் நடந்தாலும் 1892இன் கணக்கு தீர்ந்துவிடாது. அந்த அரங்கில் நீலகிரியின் பிரதிநிதி கேட்டது அரங்கில் உட்கார ஓர் இருக்கையை அல்ல. பிள்ளைகளுக்குப் பள்ளியையும் குடும்பங்களுக்கு நிலத்தையும். மசினகுடியிலும் கூடலூரிலும் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் பட்டா இன்றி வாழும் மக்களின் மனுக்கள் வருவாய்த் துறை அலுவலகங்களில் இன்னும் கிடக்கின்றன. நீலகிரி மக்களவைத் தொகுதியும் கூடலூர் சட்டமன்றத் தொகுதியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. அவையில் இருக்கை கிடைத்துவிட்டது. விக்டோரியா அரங்கை மீட்க ஓர் அரசால் 32 கோடி ரூபாய் ஒதுக்க முடிகிறது என்றால், அந்த அரங்கில் வைக்கப்பட்ட கோரிக்கையை நிறைவேற்ற ஒரு காலக்கெடு நிர்ணயிக்கவும் அதனால் முடியும். அந்தக் காலக்கெடுவைக் கேட்டு, அயோத்திதாசர் பேசிய அதே கூடத்தில் நம் அடுத்த கூட்டம் நடைபெற வேண்டும்.